வண்ணத்துப்பூச்சி அப்பாவியா?

அன்புள்ள ஐயா,

குளவிகளைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்துப் புழுவொன்றை என் மகள் போத்தலில் வைத்து வளர்த்தாள். அது கூட்டுப்புழு ஆனது. பிறகு வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தவை குட்டிக் குட்டிக் குளவிகள். பிள்ளை இரண்டு நாள் அழுதாள். பூப்பூவாகத் தேன் குடித்துத் திரியும் வண்ணத்துப்பூச்சி எங்கே, புழுவை உள்ளே இருந்து உயிரோடு தின்கிற இந்தப் பிராணி எங்கே?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

மகள் அழுதது நியாயம். சின்ன வயதில் தேசிமரத்துப் புழுவோடு எனக்கும் இதே கதை நடந்தது. ஆனால் வண்ணத்துப்பூச்சி அப்பாவி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் சிவனொளிபாதமலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த, அதாவது வண்ணத்துப்பூச்சி மலை, என்று பெயர். அதனால் மலைப் பூச்சி என்றாலே நமக்குப் பக்தி வந்துவிடுகிறது. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையில் ஆல்கன் நீலம் என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் புழு சில வாரம் ஜென்ஷியன் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழுந்து கிடக்கும். உடம்பில் எறும்புக் குஞ்சின் வாசம். மிர்மிக்கா எறும்புகள் தங்கள் பிள்ளை என்று நம்பிப் புற்றுக்குத் தூக்கிப் போகும். உள்ளே போனதும் அது ராணி எறும்பைப் போல ஒலியும் எழுப்பும். அப்புறம் ராஜ உபசாரம்தான். பஞ்சம் வந்தால் எறும்புகள் சொந்தக் குஞ்சுகளைக் கொன்று இதற்கு ஊட்டும். 11 மாதம், சிலவேளை 23 மாதம் இப்படியே ஓசிச் சாப்பாடு.

இந்தத் திருடனைத் தேடி வருவது இக்னியூமன் யூமெரஸ் என்ற குளவி. புழு இருக்கும் புற்றுக்குள் மட்டும்தான் நுழையும். குளவி விடும் இரசாயனத்தில் எறும்புகள் குழம்பி ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அந்தச் சண்டைக்குள் புழுவுக்குள் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். அடுத்த வருடம் கூட்டிலிருந்து குளவி வரும். இரண்டும் ஏமாற்றுக்காரர்கள். எனக்கென்னவோ குளவியின் வேலை சுத்தமாகத் தெரிகிறது.

புழுக்களின் உயிருள்ள உடம்புக்குள் இருந்து தின்னும் இக்னியூமன் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என 1860இல் டார்வின் ஒரு கடிதத்தில் எழுதினார். எலியோடு விளையாடும் பூனையையும் அதே வரியில் சேர்த்திருந்தார். பூனையை நாம் மடியில் வைத்திருக்கிறோம்!

மகளிடம் அடுத்த முறை முட்டையாக இருக்கும்போதே இலையோடு எடுத்து, மெல்லிய வலைத்துணி கட்டி வளர்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு போதும். மிச்சத்தை மரத்தில் குளவிக்கு விடுங்கள். கறிக்குப் போட இலை வேண்டுமே.