வெள்ளியங்கிரியில் சுனை உண்டு, பாலையில் கிடையாது: வாசகர் கேள்வி-பதில்

ஆவணி பிறந்தால் போதும், பாலைவனக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ஐப்பசி மழை வருமா என்று இங்கே வெள்ளாமைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டு ஆட்களுக்கு மழையே இல்லாத ஊரில் போய் நடக்க ஆசை வந்துவிடுகிறது. தப்பில்லை, அதற்கு அதுதான் பருவம். வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது. படித்தால் காரணம் தெரியும்.

ஆயுத பூஜை லீவுக்கு நாலு பேர் ஜெய்சல்மேர் போய் மூணு நாள் மணலில் நடக்கலாம்னு இருக்கோம். சரிங்களா? (திருப்பூர்)

சரியில்லை. அக்டோபர் முதல் பாதியில் அங்கே பகல் வெயில் 36 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மணல் அதைவிடச் சுடும். கார்த்திகை பிறக்கட்டும். நவம்பர் நடுவுக்கு மேல் பகல் 30-ஐ ஒட்டி இருக்கும், ராத்திரி 12, 13-க்கு இறங்கும். தீபாவளி தள்ளி வருகிற வருசமாக இருந்தால் கம்பெனி லீவும் தோதாக அமையும்.

இன்னொன்று. ஜெய்சல்மேர் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில், நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நவம்பரில் அங்கே சூரியன் உதிக்க 7 மணி ஆகிவிடும். இங்கே போல 6 மணிக்கே வெளிச்சம் வரும் என்று திட்டம் போடாதீர்கள்.

பாலைவன ட்ரெக்கிங் போக வேண்டும். முழு விவரம் அனுப்பவும். (ஊர் குறிப்பிடவில்லை)

எந்தப் பாலைவனம்? எந்த மாதம்? எத்தனை பேர்? எத்தனை நாள்? மளிகைக் கடையில் போய் நின்று "சாமான் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்ப்பார். நானும் அடுத்த கடிதத்துக்குப் போகிறேன்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஆறு தடவை ஏறியிருக்கிறேன். தார்ப் பாலைவனத்தில் தினம் 15 கிலோமீட்டர்தான், அதுவும் ஏற்றமே இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் போதும் என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து? (வடவள்ளி)

இந்தக் கடிதம் வருசா வருசம் வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. ஒரு வருசம் ஐந்து தடவை ஏறியவர், ஒரு வருசம் பத்து தடவை. வெள்ளியங்கிரியைக் குறைத்துச் சொல்லவில்லை, நானும் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ஏறியவன்தான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பூண்டியில் ராத்திரி குளிர்ச்சியில் கிளம்புகிறீர்கள். முன்னாலும் பின்னாலும் ஆள். வழியில் கைதட்டிச் சுனை, மேலே போனால் ஆண்டி சுனை. கால் பிசகினால் முன்பின் தெரியாத பத்துப் பேர் தூக்கிவிடுவார்கள். மறுநாள் மதியத்துக்குள் அடிவாரத்தில் இருப்பீர்கள். தாரில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் தொடையின் பலத்தை நான் சந்தேகப்படவே இல்லை. தண்ணீர்தான் கணக்கு.

கணக்கைப் போடுவோம். நவம்பர் வெயிலில் 15 கிலோமீட்டர் மணலில் நடக்கிற ஆளுக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலுக்கு 1, கையிருப்பு 1. ஒரு நாளைக்கு 6 லிட்டர். மூன்று நாளைக்கு 18. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது மாறப்போவதில்லை. படுக்கை, துணி, சாப்பாடு 10 கிலோ என்றால் முதுகில் 28 கிலோ. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்று மணலில் ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் தண்ணீர், அப்புறம் பாதை. வரைபடத்தில் எங்கெங்கே தண்ணீர் நிரப்பலாம் என்று புள்ளி வையுங்கள். பாதை அந்தப் புள்ளிகளைச் சுற்றித்தான் போக வேண்டும். நம் ஆட்கள் புள்ளி வைக்காமலே கோலத்துக்கு இழை இழுக்கிறார்கள்.

புள்ளி வைக்க மூன்று வழி உண்டு. ஜெய்சல்மேரை அடுத்த குரி கிராமத்துப் பக்கம் போல, ஊருக்கு ஊர் நடந்து அங்கங்கே தங்குவது ஒன்று. ஒட்டகத்தையும் ஒட்டகக்காரரையும் கூலிக்கு வைத்துக்கொள்வது இன்னொன்று. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஏனென்றால் அவருக்கு வழியும் தெரியும், எந்தக் கிணறு உப்பு என்றும் தெரியும். மூன்றாவது, முந்தின நாள் ஜீப்பில் போய்க் கேன்களை வழியில் ஒளித்து வைத்துவிட்டு வருவது.

ஊர்களில் 'டாங்கா' என்று மூடிபோட்ட தொட்டி இருக்கும். அது ஒரு குடும்பம் மழை நாளில் சேர்த்து வைத்து வருசம் பூராவும் குடிக்கிற தண்ணீர். கேட்காமல் கயிறு விடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்குக்கு முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். ஃபில்டர் பாட்டில் கிருமியைத்தான் நிறுத்தும், உப்பை நிறுத்தாது.

கேன் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பல வருசம் முன்பு நானும் ஒரு நண்பரும் 20 லிட்டர் கேன் ஒன்றை வன்னி மரத்தடியில் மணலுக்குள் பாதி புதைத்து வைத்திருந்தோம். கொடுமுடிக் கோயிலில் நிற்கிறதே, அதே வன்னிதான், அங்கே கேஜ்ரி என்பார்கள். அடையாளம் பிசகாமல் போய்ச் சேர்ந்தோம். கேனைத் தூக்கினேன், காற்றுப்போலக் கையோடு வந்தது. பழைய மூடி, வெயிலில் வெடித்திருந்தது. அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மணல் ஈரம், அதில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்தது இரண்டு பேருக்குமாக ஒன்றரை லிட்டர். ரோட்டுக்கு 9 கிலோமீட்டர். ஆறாவது கிலோமீட்டரில் எச்சில் பசை மாதிரி ஆகிவிட்டது. ஓயாமல் பேசுகிற நண்பர் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அதுதான் பயம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தன் தோல் பையிலிருந்து ஊற்றினார். அதன் பிறகு நான் ஒரே கேனை நம்புவதில்லை. இரண்டு இடம், இரண்டு கேன், இரண்டுக்கும் புது மூடி.

சுமக்கிற தண்ணீருக்கும் ஒரு விதி: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. முதல் பங்கு தீர்ந்ததும், போகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். ஆறு தடவை மலை ஏறியவர்கள் திரும்ப மாட்டேன் என்கிறார்கள், அதுதான் என் குறை.

அப்புறம், வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்புக்கடலை, முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் இதில் எதையாவது மணிக்கொருதரம் வாயில் போடுங்கள்.

இளநீர் கொண்டு போகலாமா? இயற்கையானது அல்லவா? (பொள்ளாச்சி)

ஒரு காயில் கால் லிட்டர் சொச்சம் தண்ணீர், கிலோக் கணக்கில் மட்டை. தோப்பிலேயே குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மகன் அரிசோனாவில் இருக்கிறான். நவம்பரில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், அடியில் ஓடுகிற ஆறு வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே மேலே வந்துவிடலாம் என்கிறான். எனக்கு 58 வயது, முழங்கால் வலி உண்டு. (கோபி)

மகனிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள் அம்மா. தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் ஊட்டி. அங்கிருந்து ஆறு 1,300 மீட்டருக்கு மேல் கீழே. ஊட்டியில் காரை நிறுத்திவிட்டு பர்லியாறு வரை நடந்து இறங்கி, அன்றைக்கே நடந்து ஏறி வருவதற்குச் சமம். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்பக் கூடாது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். இளவட்டங்களுக்காக வைத்த பலகை அது.

மலையில் முதலில் ஏறுவோம், களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ். உடம்பில் தெம்பு இருக்கும்போது இறக்கம், தீர்ந்த பிறகு ஏற்றம். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிரைட் ஏஞ்சல் பாதையில் முதல் ஓய்வுக் கொட்டகை வரை போய்த் திரும்பினால் மொத்தம் 5 கிலோமீட்டர். உங்களுக்கு அது போதும், இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு. சவுத் கைபாப் பாதை வேண்டாம், அதில் வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காலையில் நிழல் விழுகிற திருப்பங்களில் உறைபனி வழுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு விதி உங்களுக்கும் உண்டு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குறுகலான பாறை இடுக்குகளில் நடக்கப் போகிறோம். வானிலை பார்த்து, மழை இல்லாத நாளில் போனால் பயமில்லையே? (ஈரோடு)

நீங்கள் நிற்கிற இடத்தில் மழை இல்லை என்பது எதையும் சொல்லாது. கோயமுத்தூரில் வெயில் அடிக்கும்போதே நொய்யலில் செந்தண்ணீர் வருவதைப் பார்த்ததில்லையா? மேற்கே மலையில் பெய்தது இங்கே பள்ளத்தில் வந்து சேரும். அங்கேயும் அதே கதைதான், ஆனால் தரை பாறை, உறிஞ்சாது. பள்ளத்தின் அகலமோ இரண்டு கை நீட்டினால் சுவர் தட்டுகிற அளவு. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்ற பாறை இடுக்கில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி. அக்டோபரில் ஆபத்து குறையும், அற்றுப்போகாது. உங்கள் பள்ளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வடிகிறது என்று வரைபடத்தில் பார்த்து, அத்தனை ஊருக்கும் வானிலை பாருங்கள்.

நவம்பர் என்றால் இன்னொரு கோளாறு. முதல் ஞாயிற்றுக்கிழமை யூட்டாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நேற்று 6:20-க்கு மறைந்த சூரியன் இன்று 5:20-க்கே மறையும். அரிசோனாவில் அந்த வழக்கம் கிடையாது, ஆனால் அதற்குள்ளேயே இருக்கிற நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு எல்லை தாண்டினால் கைப்பேசி காட்டும் நேரத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவி வாங்கி வருகிறார். தாருக்கு எடுத்துப் போகலாமா? (நாமக்கல்)

கூடவே கூடாது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. நீங்கள் எடுத்துப் போகப்போவதோ பாகிஸ்தான் எல்லை மாவட்டத்துக்கு. அதற்குப் பதில் ஒரு தாளில் பாதை, தங்கும் ஊர்கள், திரும்பும் நாள், நேரம் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். "இந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் இன்னாரைக் கூப்பிடு" என்று கடைசி வரியில் இருக்கட்டும். எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு முன்அனுமதியும் வேண்டும்.

பனியன் தொழிலில்தான் இருக்கிறேன். பாலைக்குப் பருத்தி ஆகாது, பாலியெஸ்டர்தான் என்று சொல்கிறார்களே? (அவிநாசி)

பகலுக்குப் பருத்தி நல்லதுதான். வெள்ளை, முழுக்கை, தொளதொளவென்று. வியர்வை மெதுவாகக் காய்ந்து உடம்பைக் குளிர்த்தும். சாயங்காலம் அதே குளிர்ச்சிதான் எமன். சூரியன் மறைந்தவுடன் ஈரப் பனியனைக் கழற்றிவிட்டுக் கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள். குளிர் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தொழிலுக்குக் குந்தகம் இல்லாமல் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவசரத்துக்குக் கள்ளியை வெட்டித் தண்ணீர் குடிக்கலாமாமே? (கரூர்)

சினிமா. தாரில் நீங்கள் பார்க்கப்போகிற கள்ளி பெரும்பாலும் பால் வடிகிற ஜாதி. நம்மூர் வேலியில் இருக்கிற கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? அதே குடும்பம். அமெரிக்கக் கள்ளிகளில் நீர்ப்பசை உண்டு, ஆனால் குடித்தால் வாந்தியும் பேதியும் வந்து இருக்கிற தண்ணீரும் போகும்.

லடாக்கும் பாலைவனம்தானே, செப்டம்பர் கடைசியில் போகலாமா? (சேலம்)

போகலாம். லே 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்கினால் இரண்டு நாள் எங்கும் நடக்காமல் படுத்துக் கிடங்கள்.

கிளம்பும் முன் உள்ளூரிலேயே எங்கே பழகலாம்? ஜிம்மில் நடைமேடையில் தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். (சரவணம்பட்டி)

ஏசி அறையில் நடப்பது ஏசி அறையில் நடக்கத்தான் பழக்கும். மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்குப் போங்கள். வெள்வேல மரம் அங்கொன்று இங்கொன்று, மற்றபடி வெட்டவெளி. முதுகில் 10 லிட்டர் தண்ணீரைக் கட்டிக்கொண்டு காலை 9-லிருந்து மதியம் 1 வரை நடந்து, எவ்வளவு குடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். உங்கள் உடம்பின் கணக்கு அதுதான், நான் சொன்ன 6 லிட்டரை அதை வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அங்கே முளைக்கிற கொழுக்கட்டைப் புல்லுக்குத் தாரில் ஒரு பங்காளி உண்டு, 'புரூட்' என்பார்கள். அதன் முள்காய் காலுறையில் ஏறினால் விரலால் பிடுங்க முடியாது, பிடுங்கப்போன விரலில் ஏறிக்கொள்ளும். சின்னச் சாமணம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். சுருட்டை விரியன் இரண்டு ஊரிலும் உண்டு, ஆகவே இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைக்காத பழக்கமும் இங்கேயே வரட்டும்.

காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கிளுவை வேலியில் படல் இருக்கும், நுழைந்ததும் சாத்திவிடுங்கள். போன வருசம் என் பேச்சைக் கேட்டுப் பழகப் போன ஒருவர் திறந்துபோட்டு வந்துவிட்டார். காட்டுக்காரர் நாலு எருமையைச் சாயங்காலம் வரை தேடிவிட்டு எனக்குத்தான் போன் போட்டார்.