நைஜீரியாவின் உற்பத்தி ஒரே ஆண்டில் இரட்டிப்பானதா?
இரு தரவுக் கோப்புகளை இணைத்து நீங்கள் வரைந்த வரைபடத்தில் நைஜீரியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2013-இல் ஏறத்தாழ இருமடங்காவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது உண்மையான வளர்ச்சி அன்று. வெவ்வேறு அடிப்படை ஆண்டுகளை (கணக்கீட்டுக்கு அளவுகோலாகக் கொள்ளும் ஆண்டுகளை) கொண்ட இரு புள்ளிவிவரத் தொடர்கள் ஒட்டப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம்.

2014 ஏப்ரலில் அந்நாட்டுப் புள்ளியியல் துறை அடிப்படை ஆண்டை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியபோது, பழைய கணக்கில் மிகக் குறைவாகவே இடம்பெற்ற கைப்பேசிச் சேவையும் நாலிவுட் திரைத்துறையும் உரிய அளவில் சேர்க்கப்பட்டு, 2013-ஆம் ஆண்டின் மதிப்பு சுமார் 27,000 கோடி டாலரிலிருந்து 51,000 கோடி டாலராக உயர்ந்தது. இதனால் எவர் வருமானத்திலும் ஒரு நைராகூட ஏறவில்லை.

இரு கோப்புகளின் விளக்கக் குறிப்புகளிலும் அடிப்படை ஆண்டைப் பாருங்கள். பிறகு 2010 முதலான ஆண்டுகளைப் புதிய தொடரிலிருந்தே எடுத்து, நிலையான விலையில் (விலையேற்றத்தின் தாக்கத்தை நீக்கி) வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடுங்கள், தாவல் மறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: வகுக்கும் எண் பெருத்ததாலேயே உற்பத்தியோடு ஒப்பிட்ட வரி விகிதமும் கடன் விகிதமும் சரிந்து தெரியும், அதை வரி வசூலின் வீழ்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.