ஊரோடு ஒத்து விதைத்தல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிறோம். எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில். தண்ணீர் பிந்தியதால், அயலார் விதைத்து 2 கிழமை கழித்து அதே மூன்றரை மாத நெல்லை விதைத்தோம். பாதி சப்பி, மணி பிடிக்காத பதர். நெல்லில் பிழையா, நிலத்தில் பிழையா?

பதில்: இரண்டிலும் இல்லை, நாளில்தான். சுற்றிலும் அருவி வெட்டு (அறுவடை) நடக்கும்போது உங்கள் வயல் மட்டும் பால் பருவத்தில் நின்றிருக்கும். இரை முடிந்த நெல்மூட்டுப் பூச்சி, எலி, குருவி எல்லாம் மிச்சமிருக்கும் அந்தப் பச்சையைத் தேடித்தான் வரும். சப்பி மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உமியில் சின்னக் கபிலப் புள்ளி தெரிந்தால், பூச்சி குத்திப் பால் உறிஞ்சிய இடம் அது. புள்ளி இல்லாத வெறும் உமி என்றால் முதலில் தண்ணீர்க் குறைவைச் சந்தேகியுங்கள். மடை பூட்டித் தண்ணீரை நிறுத்தும் திகதி எல்லாருக்கும் ஒன்று. அன்றைக்கு அயலாருக்குக் கதிர் முற்றியிருக்கும், உங்களுக்கோ மணி பிடிக்கிற நேரம்.

இனிப் பிந்தினால் பிஜி 300 போன்ற 3 மாத நெல்லுக்கு மாறுங்கள். அயலாரின் பயிருக்கு 105 நாள். 15 நாள் பிந்திய உங்களுக்கு 90 நாள். வெட்டு ஒரே கிழமையில் வரும், வெட்டு மெசினையும் சேர்ந்தே பிடிக்கலாம். பிந்தியதை ஈடுகட்ட யூரியாவை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். பயிர் கரும்பச்சையாகிச் செழிக்கும், தூரடியில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சி பெருகும், முற்றுவதும் இன்னும் தள்ளிப்போகும்.

கேள்வி: முளைக்கு வைத்த விதைநெல் சாக்குக்குள் புளித்து மணக்கிறது. பாதிதான் முளைக்கிறது.

பதில்: சாக்கை நிறைத்து இறுக்கிக் கட்டுகிறீர்கள் போலிருக்கிறது. நெல் ஊறிப் பருத்ததும் நடுவில் காற்று போகாது, சூடேறி முளை அவிந்துவிடும். அரைச் சாக்கு போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். 24 மணித்தியாலம் ஊறட்டும், இடையில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நன்றாக வடித்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடி 36 முதல் 48 மணித்தியாலம் வையுங்கள். காலையும் மாலையும் சாக்குக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு நல்லது, கை சுட்டால் உடனே கொட்டிக் கிளறித் தண்ணீர் தெளியுங்கள். வேர் அரை நெல் நீளம் வந்ததும் விதைக்கலாம். நீள விட்டால் வீசும்போது முறியும். ஏக்கருக்கு 2 புசல் போதும். மட்டமில்லாத வரவையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் முளை அழுகும், ஆகவே பலகை அடித்து, வடிகால் கீறிய பிறகே விதையுங்கள்.

ஊறப்போடுவதற்கு முன்பே 100 மணியை ஈரத்துணியில் சுற்றி முளைக்க வைத்துப் பாருங்கள். 85க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம்.

கேள்வி: மேல்வயல்காரர் வாய்க்காலை மறிக்கிறார். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையிடம் சொல்லியும் பலனில்லை.

பதில்: சண்டைக்கு முன் வாய்க்கால் நெடுக நடந்து பாருங்கள். புல்லும் சேறும் அடைத்திருந்தால், மேலே யாரும் மறிக்காமலே கடைசி வயல் காயும். துப்பரவு செய்யாமல் விட்ட பங்கு யாருடையது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உண்மையில் மறிப்புத்தான் என்றால் நாளையும் நேரத்தையும் குறித்துக் கமக்கார அமைப்புக்கு எழுத்தில் கொடுங்கள். போக ஆரம்பக் கூட்டத்தின் முடிவு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும். பலர் அங்கே கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அது பெரிய நட்டம். கடைசி வயல்காரர்கள் சேர்ந்து போய், உழவுத் தண்ணீரைக் கடைசியிலிருந்து மேல்நோக்கி முறை வைத்துத் தரும்படி கேளுங்கள். ஒப்புக்கொண்டால், கூட்டக் குறிப்பில் அது எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டே எழும்புங்கள்.