பொன்னியின் செல்வன் வாசகர் வட்டத்துக்கு ஆள் சேர்க்கிறது எப்படி?

கும்பகோணத்துலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "பொன்னியின் செல்வன் ரசிகர்கள் ஒண்ணா சேர்ந்து வட்டம் நடத்துறோம். படம் வந்த சமயத்துல வாட்ஸ்அப் குரூப்ல இருநூறு பேர் சேர்ந்தாங்க, இப்ப மாசக் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தா பெருசு, அதுவும் அதே ஆறு பேர். புது ஆளுங்களை எப்படி இழுக்கிறது?"

முதல்ல அந்த இருநூறை மறந்துடுங்க. 2022 செப்டம்பர்ல முதல் பாகம், 2023 ஏப்ரல்ல ரெண்டாவதுன்னு படம் வந்தப்போ எல்லாரும் எல்லா குரூப்லயும் சேர்ந்தாங்க, அவங்க படத்தைப் பத்திப் பேச வந்தவங்க, நாவலோட அஞ்சு பாகத்தையும் படிச்சு முடிச்சவங்க முன்னாடி வாயைத் திறக்கவே கூச்சப்படுவாங்க.

நான் நடத்தின வட்டத்துல ஒரு காலேஜ் பொண்ணு முதல் தடவையா வந்து ஓரமா உக்காந்துச்சு. எங்க பெரியவர் ஒருத்தர், ஆசையாத்தான், "எங்க சொல்லும்மா, மந்திரி அநிருத்தரோட ஒற்றன் யாரு?"ன்னு கேட்டார். அது "படம்தான் சார் பாத்தேன்"னுச்சு, எல்லாரும் சிரிச்சோம், ஆழ்வார்க்கடியான்னு பதிலையும் நாங்களே சொல்லிக்கிட்டோம், அடுத்த மாசம் அந்தப் பொண்ணு வரல. அதனால புதுசா வர்றவங்கள்ட்ட க்விஸ் வேண்டாம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு சண்டையும் முதல் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம், பாதி புத்தகத்துல இருக்கிறவருக்கு சஸ்பென்ஸ் போயிடும். டீ குடிக்கிறப்போ வெச்சுக்குங்க.

இப்ப விளம்பரம். நாவலை எழுதின கல்கியோட எழுத்துக்களை 1999ல நாட்டுடைமை ஆக்கிட்டாங்க, அதாவது முதல் அத்தியாயத்தை நீங்களே டைப் பண்ணி ஜெராக்ஸ் போட்டு இலவசமா குடுக்கலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். கடைசிப் பக்கத்துல "அடுத்து என்ன ஆச்சுன்னு ஞாயித்துக்கிழமை சேர்ந்து படிப்போம்"னு போட்டு இடம், நேரம், ஒரு போன் நம்பர். அவ்வளவுதான் நோட்டீஸ். பத்திரிகையில தொடரா வந்தப்பவும் ஜனங்க வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாத்தானே மூணரை வருஷம் படிச்சாங்க, மொத்தமா அஞ்சு பாகத்தை நீட்டினா யாரா இருந்தாலும் மிரளத்தான் செய்வாங்க. கிளை நூலகம், காலேஜ் தமிழ்த்துறை, மாவட்டப் புத்தகத் திருவிழா, இந்த மூணு இடத்துல குடுத்தா போதும். ஆனா படத்தோட ஸ்டில்லையோ பழைய ஓவியங்களையோ எடுத்து ஒட்டாதீங்க, எழுத்து பொதுவாச்சுங்கிறதால படங்களும் பொதுன்னு ஆகாது.

உங்களுக்கு இருக்கிற பெரிய சொத்து ஊருதான், அதை யூஸ் பண்ணவே இல்லையே நீங்க! சோழர்களோட பழைய தலைநகர் பழையாறை பக்கத்துலயே கிடக்கு. கதை ஆரம்பிக்கிறதே ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரையில, கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில வர்றான், எழுபத்துநாலு கணவாய் (மதகு) வழியா பாயுற தண்ணியைப் பாத்து மலைக்கிறான். அந்த ஏரி இன்னிக்கு வீராணம், சென்னைக்குக் குடிதண்ணி அங்கேர்ந்தும் போகுது. ஆடி பதினெட்டை ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு வேன் புடிச்சு அங்க போய், கரையில உக்காந்து முதல் அத்தியாயத்தை சத்தமா படிங்க, ஆளுக்கு ஒரு பக்கம், புது ஆளு முதல் பக்கம். அப்படியே காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போங்க, கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பேரெல்லாம் வர்ற உடையார்குடி கல்வெட்டு அங்கதான் இருக்கு. படம் மட்டும் பாத்தவர் கூட ரவிதாசன்னு நிஜமாவே ஒருத்தன் இருந்தானான்னு கேப்பார், அப்ப கையில முதல் பாகத்தைக் குடுங்க.

வேன்ல பாதி சீட்டு புதுசா வர்றவங்களுக்குன்னு ஒதுக்கிடுங்க, பழைய ஆளு ஒவ்வொருத்தரும் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாத்தான் சீட்டுன்னு சொல்லிடுங்க. ஏரியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு முந்தின நாளே விசாரிச்சுக்குங்க, வறண்ட ஏரிக்கரையில 'புது வெள்ளம்'னு பேர் வெச்ச முதல் பாகத்தைப் படிச்சா நல்லாவா இருக்கும். புளியோதரை, தேங்கா சாதம் கட்டி எடுத்துட்டுப் போங்க, கதையிலயும் அன்னிக்கு ஜனங்க கரையில உக்காந்து சித்ரான்னம்தான் சாப்பிடுறாங்க.