அடுத்த ஸ்டேஷனில் இருக்கிறது பதில்

கேள்வி: என் பாட்டி கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் சாப்பிட்டே தொண்ணூற்றிரண்டு வயது வரை திடமாக இருந்தார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை. இன்று கோடி கோடியாகக் கொட்டி மருத்துவ ஆராய்ச்சி செய்கிறார்கள். மருந்துக் கம்பெனிகள் கொழுத்ததைத் தவிர ஜனங்களுக்கு என்ன லாபம்? உணவே மருந்து என்றிருந்த காலம் போதாதா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: பாட்டிக்கு என் வணக்கம். அவருடன் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கல்யாண வயதைப் பார்த்தார்கள் என்று வீட்டில் விசாரித்திருக்கிறீர்களா? நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. பால்குடி மறக்கும் முன்பே போன பிள்ளைகளைப் பற்றி எந்த வீட்டிலும் பேச்சு வருவதில்லை. தொண்ணூறைத் தாண்டியவர்தான் சட்டத்துக்குள் மாலையோடு சுவரில் இருக்கிறார்.

நீங்கள் குரோம்பேட்டைக்காரர் என்பதால் தொலைவில் தேட வேண்டாம். மின்சார ரயிலில் உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். அன்றைய வைத்தியம் என்ன தெரியுமா? நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. அதற்கும் மசியாவிட்டால் நெஞ்சில் ஊசி குத்திக் காற்றேற்றி நுரையீரலைச் சுருங்கவைப்பார்கள். விலா எலும்புகளையே வெட்டி எடுப்பதும் உண்டு. இடம் கிடைக்காதவர் வீட்டுத் திண்ணையோரம் கிடப்பார். தனித் தட்டு, தனி டம்ளர், துப்புவதற்குச் சாம்பல் போட்ட கொட்டாங்கச்சி. எலும்புருக்கி என்று பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

புதுமைப்பித்தன் அந்த நோயில்தான் 42 வயதில் போனார், 1948 ஜூனில். அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைப் பற்றிய ஆய்வின் முடிவு வெளியானது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். யாருக்கு மருந்து என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவுசெய்திருந்தார்கள். ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்துபோனது. அதன் பிறகுதான் கூட்டு மருந்து வந்தது.

சரி, மருந்து வந்துவிட்டது. நம் ஊரில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், சானடோரியப் படுக்கைகளோ கொஞ்சம்தான். மீதிப் பேர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்காகவே 1956இல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு: கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு. மறுபாதி அவரவர் வீட்டுக்கே: ஒற்றை அறை, அதற்குள் குடும்பம் முழுவதும், அரைவயிற்றுக் கஞ்சி. மருந்து மட்டும் இரு பக்கமும் ஒன்றே, ஓராண்டுக்கு. வீட்டில் இருப்பவர் ஒழுங்காக விழுங்குகிறாரா என்று பார்க்க ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்து, மருந்து உள்ளே போனதா என்றும் பார்த்தார்கள். (மாத்திரையை ஜன்னல் வழியே வீசிவிட்டு "போட்டாச்சு" என்று சொல்லும் கலை நமக்குப் புதிதல்ல.)

1959இல் முடிவு வந்தது. ஒற்றை அறையில் கிடந்தவரும் கட்டிலில் படுத்திருந்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். அதைவிட முக்கியம், வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. திண்ணையோரத் தனித் தட்டுக்கு இனி வேலை இல்லை. நோயாளியை ஊரை விட்டு ஒதுக்கும் வழக்கத்தைப் பல நாடுகள் கைவிட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் எந்தக் கம்பெனி கொழுத்தது, சொல்லுங்கள்.

கம்பெனிகள் மேல் உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் காரணம்தான் தலைகீழ். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து வந்தது 1960களில். அதன் பிறகு காசநோய்க்கென்றே புது வகை மருந்தாக பெடாக்குவிலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2012இல். நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஏன் வறட்சி? ஏழையின் நோயில் காசு பெயராது. அந்த பெடாக்குவிலினுக்கும் காப்புரிமையை நீட்டிக்கக் கம்பெனி முயன்றது. காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்த்து நின்றார்கள். 2023இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. ஆராய்ச்சி குறைவாக நடந்தது என்று கத்துங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன்.

உணவே மருந்து என்கிறீர்களே, அதற்கும் வருகிறேன். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரம் பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு பகுதிக் குடும்பங்களில் பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவு. வந்த நோயை ஆற்ற மாத்திரை வேண்டும், அது 1959இல் தெரிந்தது. வராமல் தடுப்பதில் சோற்றுக்கு எவ்வளவு பங்கு என்பது இப்போதுதான் எண்ணாகக் கைக்கு வந்திருக்கிறது. உங்கள் பாட்டி கூழின் பெருமையைச் சொன்னார். அதை எண்ணிப் பார்த்துச் சொன்னது நீங்கள் வேண்டாம் என்கிற அதே ஆராய்ச்சிதான்.

அடுத்த கடிதத்தில் பாட்டியின் கூடப்பிறந்தவர்கள் கணக்கை மறக்காமல் எழுதுங்கள்.