ஞாயிறு வாசகங்கள் மூன்றும் ஒட்டவில்லை என்றால்

இரண்டாம் வாசகத்தை மற்ற இரண்டோடு இணைக்கப் பார்க்காதீர்கள். வரும் ஞாயிறு கத்தோலிக்கத் திருப்பலிக்கான மூன்று விவிலிய வாசகங்களையும் திங்கள் முதல் தியானித்தும் பொதுக் கருத்து பிடிபடவில்லை என்கிறீர்கள். குறை உங்கள் தியானத்தில் இல்லை. பொதுக்காலத்தில், அதாவது திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்களில், முதல் வாசகம் மூன்றாவதாக வரும் நற்செய்திக்குப் பொருந்தத் தேர்ந்தது. இரண்டாம் வாசகமோ ஒரு திருமுகத்தை (புதிய ஏற்பாட்டுக் கடிதத்தை) வாராவாரம் தொடர்ந்து வாசிப்பது.

மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் 28ஆம் ஞாயிறை வைத்துச் சோதித்துப் பாருங்கள். முதலில் நற்செய்தியான லூக்கா 17:11-19, பிறகு முதல் வாசகமான 2 அரசர் 5:14-17. இயேசுவால் தொழுநோய் நீங்கிக் குணமான பத்துப் பேரில் திரும்பி வந்தவர் ஒரு சமாரியர். யோர்தானில் மூழ்கி தொழுநோயிலிருந்து நலமடைந்து இறைவாக்கினர் எலிசாவிடம் திரும்பிய நாமான், சிரியர். இருவருமே அன்னியர்கள்! நாமான் இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரயேல் மண் கேட்கிறாரே, அந்த ஒரு வரிக்கே ஒரு நாளைக் கொடுக்கலாம். இனி ஆண்டவருக்கு மட்டுமே பலி செலுத்துவேன் என்கிறவர், அந்த மண்ணையும் தன் ஊருக்குக் கொண்டுபோக விரும்புகிறார்.

அன்றைய இரண்டாம் வாசகமான 2 திமொத்தேயு 2:8-13ஐ வேறொரு நாளில், முந்தைய ஞாயிறின் பகுதியோடு சேர்த்துப் படியுங்கள்.

திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்), தவக்காலம், பெருவிழாக்களுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே இரண்டாம் வாசகமும் அந்தந்தக் காலத்துக்கு ஏற்பத் தேர்ந்ததுதான். ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் பாஸ்கா காலத்தில் முதல் வாசகமே திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வரும்.