நோவு இடுப்பில், குழு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 46. சிறு வயதிலிருந்தே வெள்ளாமை வேலைக்குப் போய் உழைத்தவள். ஆறு வருடங்களாக இடுப்பு நோவு. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயதுக்குரிய தேய்மானம்தான், சத்திரசிகிச்சை தேவையில்லை என்கிறார்கள். இப்போது, தீராத நோவுள்ள பத்துப் பேர் கிழமைதோறும் கூடும் குழுவொன்றில் சேரும்படி உளநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். "உனக்கு வருத்தம் இடுப்பிலயா, தலையிலயா?" என்று கணவர் கேட்கிறார். என் நோவு பொய் என்று வைத்தியர் நினைக்கிறாரா? கதைத்தால் நோவு மாறுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் நோவு மெய்யானது. அந்தத் துண்டைத் தந்த வைத்தியர் அதைப் பொய் என்று எண்ணியிருந்தால், உங்களை இப்படியொரு குழுவுக்கு அனுப்பியிருக்கவே மாட்டார். உங்கள் கணவர் கேட்ட கேள்வியை இந்தப் பகுதிக்கு எழுதுகிற பலருடைய வீட்டிலும் யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி நோவுக்கு மேல் இன்னொரு நோவாக விழுவதை நான் அறிவேன்.

வயலில் நெல் அருவி வெட்டும் நாளில் தாக்கத்தி விரலைக் கீறியதை, வேலை முடிந்து வாய்க்காலில் கை கழுவும்போதுதான் கண்டிருப்பீர்கள். காயம் முன்னரே இருந்தது. நோவு பிறகுதான் வந்தது. 1965 ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் ஆய்வாளர் இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். உடம்பிலிருந்து போகும் செய்தி முள்ளந்தண்டு வடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையைச் சேர்கிறது என்றும், அந்த வாயிலைத் திறக்கவும் ஒடுக்கவும் மூளையிலிருந்து வரும் கட்டளைகளாலும் முடியும் என்றும் அவர்கள் சொன்னார்கள். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை இன்றும் நிலைத்திருக்கிறது. மூன்று மாதங்களைத் தாண்டி நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என்கிறோம். அப்படி நீண்டுவிட்ட நோவில், இழையம் ஆறிய பிறகும் நரம்புத் தொகுதி விழிப்புக் குறையாமல், சிறிய அசைவையும் பேராபத்தாக அறிவித்துக்கொண்டே இருப்பதுண்டு. பயம், தூக்கமின்மை, யாரும் நம்பவில்லை என்ற மனத்தாங்கல் ஆகியவை அந்த விழிப்பை இன்னும் கூட்டுகின்றன. உளநலப் பிரிவுக்கு உங்களை அனுப்பியது இந்த இடத்தில் வேலை செய்வதற்காகத்தான்.

குழுவில் என்ன நடக்கும் என்று கேட்டால், வெறும் கதை அல்ல என்பதே என் முதல் பதில். வழக்கமாக எட்டு முதல் பத்துக் கிழமைகள், ஒவ்வொரு கிழமையும் ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலம் கூடுவார்கள். "இனிக் குனிந்தால் இடுப்பு உடைந்துபோகும்" என்பதுபோல மனத்தில் ஓடும் எண்ணங்களை எடுத்து, அவை எவ்வளவு தூரம் உண்மை என்று சேர்ந்து பார்ப்பது, மூச்சையும் தசையையும் தளர்த்தப் பழகுவது, தூக்கத்தைச் சீர்செய்வது எனப் பல உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்து உழைப்பாளிகளுக்கு எல்லாவற்றிலும் அதிகம் உதவுவது, வேலையை அளந்து செய்யும் பழக்கம் என்று நான் நம்புகிறேன். நோவு குறைந்த நாளில் முற்றம் கூட்டி, நெல் அவித்து, உடுப்பெல்லாம் தோய்த்துவிட்டு, அடுத்த மூன்று நாளும் பாயில் கிடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குழுவில் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வார்கள். இருபது நிமிடம் நின்றால் நோவு ஏறுமென்றால், பதினைந்தாவது நிமிடத்தில், நோவு வருவதற்கு முன்பே, உட்கார வேண்டும். நல்ல நாளிலும் அதே பதினைந்து, கெட்ட நாளிலும் அதே பதினைந்து. பிறகு கிழமைக்குக் கிழமை சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

நான் நடத்திய குழுவொன்றில் மருதமுனையிலிருந்து வந்த நெசவாளர் ஒருவர், சாரன் முடியும்வரை தறியை விட்டு எழுந்திருக்கத் தன்னால் முடியாது என்று பிடிவாதமாக இருந்தார். நிமிடக் கணக்கை நான் இரண்டு கிழமையாகச் சொல்லியும் பயனில்லை. எதிரே இருந்த மீனவர் ஒருவர், "நான் ஒரு பாகம் வலை பொத்தினா எழும்பி நடப்பன். நீங்க ஒரு முழம் நெய்து எழும்புங்க" என்றார். நெசவாளர் தன் முன்கையைத் தூக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அடுத்த கிழமை வந்தபோது, முழத்துக்கு முழம் எழுந்ததாகவும், ஒரு நாளும் படுக்கவில்லை என்றும் சொன்னார். படித்த உளவளத்துணையாளர் ஒருவர் தனியறையில் சொல்வது இறங்காத இடத்தில், அதே நோவைச் சுமக்கும் இன்னொருவரின் வார்த்தை இறங்குகிறது. குழுவின் பலம் இதுதான்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியாகவும் குழுவாகவும் அளிக்கப்பட்ட உளச் சிகிச்சைகள் குறித்த 75 ஆய்வுகளைத் திரட்டி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020 இல் வெளியிட்ட மீளாய்வு, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சையால் நோவிலும் முடியாமையிலும் மனவருத்தத்திலும் கிடைக்கும் பயன் சிறியதுதான் என்று கூறியது. ஆனால் சிறியது என்பதற்கு வீண் என்று பொருளில்லை. 2016 இல் அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்பு நோவுள்ள 342 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், எட்டுக் கிழமைக் குழுக்களில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேருக்கு, அரை வருடத்தின் பின் அன்றாட வேலை செய்யும் திறன் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தது. வழக்கமான வைத்தியத்துடன் மட்டும் இருந்தவர்களில் அது நூற்றுக்கு 44 பேர். ஆகவே நோவு முற்றாக மாறும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பேரப்பிள்ளையைத் தூக்கவும் கோயில் சடங்குக்குப் போய் வரவும் கூடிய நாட்கள் அதிகரிக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள். எழுதப் படிக்கத் தெரியாதென்று பின்வாங்கவும் வேண்டாம். அலபாமா மாநிலத்தில் வருமானமும் எழுத்தறிவும் குறைந்தவர்களுக்காகவே எளிமையாக்கப்பட்ட குழுக்கள் நடத்தப்பட்டு, அவையும் பலன் தந்ததாக 2018 இல் அறிக்கை வெளியானது.

கால்கள் திடீரெனப் பலமிழந்தாலோ, மலசலத்தை அடக்க முடியாமற் போனாலோ, தொடைகளுக்கிடையில் உணர்வு மரத்தாலோ குழுவுக்காகக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காரணமின்றி மெலிவதையும் காய்ச்சல் தொடர்வதையும் தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கணவரை ஒரு நாளாவது உடன் அழைத்துப் போங்கள். குடும்பத்தவருக்கென ஓர் அமர்வு வைக்கும் குழுக்களும் உண்டு.

கேள்வி: யுத்த காலத்தில் மிதிவெடியில் இடது கால் போனது. இல்லாத பாதத்தில் இன்றும் எரிவு. குழுவில் சேர்ந்தால் நடந்ததையெல்லாம் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டி வருமோ என்று தயங்குகிறேன்.
– வாசகர், வாகரை

பதில்: சொல்ல வேண்டியதில்லை, ஐயா. நோவுக்கான குழு, நோவோடு இன்றைய நாளை நடத்துவதைப் பற்றியது. கால் எப்படிப் போனது என்று அங்கே யாரும் உங்களை விசாரிக்கக் கூடாது. வெவ்வேறு தரப்பிலிருந்து வந்தவர்கள் ஒரே வட்டத்தில் அமரக்கூடிய எங்கள் மாவட்டத்தில் இந்த ஒழுங்கு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அங்கு பேசியது அங்கேயே இருக்கும் என்ற உறுதியை முதல் நாளே கேட்டுப் பெறுங்கள். இல்லாத உறுப்பில் நோவு என்பது 1871 இலேயே சைலஸ் வியர் மிட்செல் என்ற வைத்தியர் பெயரிட்டு எழுதிய ஒன்று. அதைக் கற்பனை என்று சொல்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக் களைக்க வேண்டாம்.

வெடிச்சத்தம் கேட்டு இரவில் திடுக்கிட்டு எழுவது, அந்த இடத்தைக் கடக்க முடியாதிருப்பது போன்றவையும் இருந்தால், முதலில் உளநல வைத்திய அதிகாரியைத் தனியாகச் சந்தியுங்கள். நோவும் அந்த நினைவுகளும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை; நினைவுகளுக்கான சிகிச்சையைத் தனியறையில் தொடங்கிவிட்டுக் குழுவுக்கு வருவதே நல்லது. வாழ்வு போதும் என்ற எண்ணம் எந்த இரவிலாவது வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. முழங்கால் நோவுக்கான குழுவில் தியானம் இருக்கிறதாம். எங்கள் மார்க்கத்துக்கு அது ஒவ்வுமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: நோவாளிகளுக்கான இந்தத் தியானப் பயிற்சியை ஜோன் கபாட்-சின் 1979 இல் மசாசூசெட்சில் தொடங்கியபோது, பௌத்த மரபிலிருந்து எடுத்ததை மதச் சொல்லும் சடங்கும் இல்லாத வடிவில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார். மூச்சைக் கவனிப்பதும், உடம்பை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை கருத்தோடு உணர்வதுமே அதன் பெரும்பகுதி. ஆயினும் மனம் ஒப்பாத ஒன்றைச் செய்து நோவு குறையாது. நான் மேலே சொன்ன 2016 ஆய்வில், தியானக் குழுவும் எண்ணத்தைத் திருத்தும் குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆகவே தியானம் இல்லாத குழுவை நீங்கள் கேட்டுப் பெற்றால் இழப்பதற்கு எதுவுமில்லை; முதல் அமர்வுக்கு முன்பே குழுவை நடத்துபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.